பெராக்சைடு, அசிட்டிக், ஹைட்ரோஸ்: மூன்றையும் ஒரே கன்டெய்னரில் சிட்டகாங் அனுப்ப முடியுமா?

நொய்யல்வாசி (பெருந்துறை)
எல்லோருக்கும் வணக்கமுங்க. ஏழெட்டு வருஷமாகத் திருப்பூர், பெருந்துறைப் பக்கம் சாயப்பட்டறைகளுக்குக் கெமிக்கல் சப்ளை செய்கிறேன். முதல் தடவையாக வெளிநாட்டு ஆர்டர் வந்திருக்கிறது. வங்கதேசத்துச் சிட்டகாங்கில் ஒரு மில்லுக்கு 50 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, கிளேசியல் அசிட்டிக் ஆசிட், சாயப்பட்டறையில் போடும் ஹைட்ரோஸ் தூள் மூன்றும் வேண்டுமாம், எல்லாம் சேர்த்தால் இருபதடி கன்டெய்னர் ஒன்று நிறையும். உள்ளூருக்குப் போடுகிற அதே 50 கிலோ கேனிலும் ட்ரம்மிலும் போட்டுத் தூத்துக்குடி வழியாக அனுப்பிவிடலாம் என்று இருந்தேன். சரக்கைக் கப்பலேற்றிவிடும் ஃபார்வர்டரிடம் ரேட் கேட்டால் யூஎன் பேக்கிங் சர்டிபிகேட் இருக்கிறதா, டீஜி டிக்ளரேஷன் (அபாயச் சரக்கு உறுதிமொழி) யார் தருவது, எம்எஸ்டிஎஸ் (பொருளின் பாதுகாப்புத் தகவல் தாள்) எங்கே என்று அடுக்கடுக்காகக் கேட்கிறார். கேனெல்லாம் கெட்டியான கேன்தான், இத்தனை வருஷத்தில் ஒன்றுகூட ஒழுகியதில்லை. யூஎன் பேக்கிங் என்றால் என்ன, எங்கே கிடைக்கும், இதற்கு என்ன செலவாகும்? அனுபவப்பட்டவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

பவானிக்கரை
தம்பி, இதற்கெல்லாம் ஏன் தலையைப் பிய்த்துக்கொள்கிறீர்கள். டெக்ஸ்டைல் ஆக்சிலரி, அதாவது துணி ஆலைக்கான துணைப்பொருள் என்று போட்டுப் பொதுச் சரக்காக அனுப்புங்கள். எத்தனையோ பேர் அப்படித்தான் அனுப்புகிறார்கள்.

இருகூர்க்காரர் (ஃபார்வர்டிங், 22 வருஷம்)
பவானிக்கரை அண்ணா, உங்கள் பேச்சுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் தம்பிக்குப் பதில்.

தம்பி, மூன்றும் ஒரே கன்டெய்னரில் போகாது. ட்ரம், லேபிள் பற்றிப் பேசும் முன்னாலேயே இதை முடிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் உங்கள் விலைக் கணக்கே இதில் மாறிவிடும். கடல்வழி அபாயச் சரக்குக்கு ஐஎம்டிஜி கோட் என்று ஒரு விதித்தொகுப்பு இருக்கிறது. 2004 ஜனவரி 1 முதல் உலகம் முழுக்கக் கட்டாயம், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திருத்துவார்கள். இப்போது நடைமுறையில் இருக்கும் 42-24 திருத்தம் 2026 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. அதன்படி உங்கள் மூன்று சரக்கும் எந்த இடத்தில் வருகின்றன என்று பாருங்கள்.

பெராக்சைடு 50 சதவீதம்: யூஎன் 2014. இது வருஷம் இல்லை, பொருளுக்கு ஐநா கொடுத்த எண். வகுப்பு 5.1, அதாவது ஆக்சிஜன் கொடுத்து மற்றதை எரிய வைப்பது. துணை அபாயம் 8, அரிப்பு.
கிளேசியல் அசிட்டிக்: யூஎன் 2789. வகுப்பு 8, துணை அபாயம் 3, தீப்பற்றும் திரவம்.
ஹைட்ரோஸ், பேப்பரில் சோடியம் டைதயோனைட்: யூஎன் 1384. வகுப்பு 4.2, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது.

மூன்றும் பேக்கிங் குரூப் 2, அதாவது நடுத்தர அபாயம் (1 மிக அதிகம், 3 குறைவு). இனி எந்த வகுப்புப் பக்கத்தில் எந்த வகுப்பு இருக்கலாம் என்று கோடில் ஒரு பெரிய அட்டவணை இருக்கிறது. 5.1-உம் 8-உம் "பிரித்து வை" என்ற நிலையில் வரும். 5.1-உம் 4.2-உம் அப்படியே. ஹைட்ரோஸுக்கும் அசிட்டிக்குக்கும் வகுப்பை மட்டும் பார்த்தால் அதைவிடத் தளர்வுதான், ஆனால் அசிட்டிக்கின் துணை அபாயம் 3 குறுக்கே வந்து அதையும் "பிரித்து வை"க்குக் கொண்டுபோய்விடும். "பிரித்து வை" என்று வந்துவிட்டால் ஒரே கன்டெய்னருக்குள் வைக்க முடியாது. ஒன்று ஆக்சிஜன் கொடுக்கிறது, ஒன்று எரிகிறது, ஒன்று ஈரம் பட்டால் தானே சூடாகிறது. கடலில் பத்து நாள் ஆடிக்கொண்டே போகும் பெட்டிக்குள் இந்த மூன்றையும் பூட்டி வைத்தால் என்ன ஆகும் என்று உங்கள் சாயப்பட்டறை மாஸ்டரையே கேட்டுப் பாருங்கள்.

நொய்யல்வாசி
அண்ணா, அடி வயிறு கலங்குகிறது. எங்கள் குடோனில் மூன்றும் ஒரே கூரைக்குக் கீழேதான் இருக்கின்றன.

மேட்டூர்_கெமிஸ்ட்
தம்பி, குடோனையும் பிரித்து வையுங்கள், நாளைக்கே. நான் முப்பது வருஷம் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பெராக்சைடைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இங்கேதான் பலரும் தப்பு செய்கிறார்கள்.

50 சதவீதப் பெராக்சைடு ஒரு லிட்டர் முழுக்கச் சிதைந்தால் ஏறத்தாழ 200 லிட்டர் ஆக்சிஜன் வரும். சுத்தமான கேனில் சிதைவு மிக மெதுவாக நடக்கும். கொஞ்சம் துரு, கொஞ்சம் செம்பு, பழைய கேனின் அடியில் ஒட்டிக்கொண்ட சாயத்தூள், இதில் எது இருந்தாலும் வேகம் பிடித்துவிடும். அதனால்தான் யூஎன் 2014-க்கு வென்ட் வைத்த மூடி வேண்டும் என்று கோடிலேயே தனியாகச் சொல்லியிருக்கிறது. உள்ளே உருவாகும் வாயு வெளியேற வழி இருக்க வேண்டும், ஆனால் திரவம் வெளியே வரக்கூடாது. உங்கள் ஊரில் கேன் லேசாகச் சிந்தினால் பையன்கள் என்ன செய்வார்கள் தெரியுமா, வென்ட் மூடியைக் கழற்றி வீசிவிட்டுச் சாதா மூடியை உள்ளே ஒரு பாலித்தீன் துண்டு வைத்து முறுக்கிவிடுவார்கள். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சித்திரை வெயிலில் லாரியில் அந்தக் கேன் பூசணிக்காய் மாதிரி உப்பி நின்றது. ஓட்டுநருக்கு அது என்னவென்றே தெரியவில்லை, கையால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தூரப் போங்க என்று கத்தினேன்.

வென்ட் மூடி இருப்பதால் கேன் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும், அம்புக்குறி லேபிள் எதிரெதிர்ப் பக்கம் இரண்டிலும் ஒட்ட வேண்டும். மரப் பேலட் வேண்டாம். கசிந்த பெராக்சைடு மரத்தில் ஊறிக் காய்ந்தால் தீப்பிடிக்கும். பிளாஸ்டிக் பேலட் வாங்கிக்கொள்ளுங்கள்.

காங்கேயம்_கரி
நடுவில் வருவதற்கு மன்னிக்க வேணும். கெமிக்கல்காரர்களுக்கு மட்டும்தான் இந்தத் தொல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், எனக்கும் வந்து சேர்ந்தது. கொட்டாங்குச்சிக் கரி ஏற்றுமதி செய்கிறேன். முன்பெல்லாம் தானாகச் சூடேறும் சோதனையில் தேறிய லேப் ரிப்போர்ட் ஒன்று வைத்தால் சாதாச் சரக்காகவே போகும். 42-24 திருத்தத்தில் அந்த வழியை அடைத்துவிட்டார்கள். இனிக் கரி என்றால் யூஎன் 1361, வகுப்பு 4.2, தேறினாலும் தேறாவிட்டாலும். சுட்ட பிறகு பதினான்கு நாள் ஆறவிட வேண்டும், மூட்டை கட்டும்போது சூடு 40 டிகிரியைத் தாண்டக் கூடாது, கன்டெய்னர் கூரைக்கும் சரக்குக்கும் நடுவே 30 சென்டிமீட்டர் காலியாக விட வேண்டும். அட்டி உயரத்துக்கும் அளவு வைத்திருக்கிறார்கள். சாக்கும் யூஎன் மார்க் உள்ள சாக்கு. ஆக்டிவேட்டட் கார்பன் செய்கிறவர்களுக்கு நீராவி முறையில் தயாரித்ததாக இருந்தால் விலக்கு இருக்கிறது, எங்களுக்கு இல்லை. முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் கரி ஏற்றிய கன்டெய்னர்கள் நடுக்கடலில் பற்றிக்கொண்ட படங்களைப் பார்த்தேன். இப்போது களத்தில் பதினான்கு நாள் கணக்கு எழுத ஒரு நோட்டே போட்டுவிட்டேன்.

இன்னொன்று, நம் கொப்பரைக்கே யூஎன் எண் உண்டு தெரியுமா? 1363. அதுவும் 4.2 தான். எங்கள் ஊரில் தாத்தா காலத்திலிருந்து களத்தில் கிடக்கிற கொப்பரை!

இருகூர்க்காரர்
நல்ல விஷயம் சொன்னீர்கள் காங்கேயத்தாரே. சரி, ட்ரம்முக்கு வருவோம். தம்பி, உங்கள் கேனின் அடியிலோ பக்கவாட்டிலோ வட்டத்துக்குள் சின்ன எழுத்தில் "யூஎன்" என்று அச்சாகி, பக்கத்தில் எழுத்தும் எண்ணுமாக ஒரு நீள வரி இருக்கிறதா பாருங்கள்.

நொய்யல்வாசி
கேனில் ஒன்றுமே இல்லைங்க, கம்பெனிப் பேர் மட்டும்தான். ஒரு நீல ட்ரம்மில் இருக்கிறது. "1எச்1/ஒய்1.4/150/18/ஐஎன்டி" என்று போட்டு அப்புறம் ஏதோ எழுத்துகள். பக்கத்தில் கடிகாரம் மாதிரி ஒரு வட்டம், அதில் அம்பு 9-ஐக் காட்டுகிறது.

இருகூர்க்காரர்
ஒவ்வொன்றாகப் படிப்போம். 1 என்றால் ட்ரம், 3 என்றால் ஜெரிகேன், அதாவது உங்கள் கேன் மாதிரி, 4 பெட்டி, 5 சாக்கு. எச் என்றால் பிளாஸ்டிக், ஏ என்றால் இரும்பு, ஜி என்றால் அட்டை. கடைசி 1 என்றால் மேல்மூடி கழற்ற முடியாத வகை, சின்ன வாய் மட்டும் இருக்கும். 2 என்றால் வாய் முழுக்கத் திறப்பது. ஒய் என்றால் பேக்கிங் குரூப் 2, 3 இரண்டுக்கும் ஆகும். எக்ஸ் மூன்றுக்கும் ஆகும், இசட் மூன்றாவதற்கு மட்டும். 1.4 என்பது அடர்த்தி, அதைவிடக் கனமான திரவத்தை அந்தக் குரூப்பில் ஊற்றக் கூடாது. 50 சதவீதப் பெராக்சைடு 1.2-ஐ ஒட்டி வரும், அதனால் 1.4 போதும். 150 என்பது தாங்கிய நீரழுத்தம், கிலோபாஸ்கல் கணக்கு. 18 என்பது 2018-இல் செய்தது, கடிகார வட்டம் காட்டுவது மாதம், செப்டம்பர். ஐஎன்டி, இந்தியா அனுமதித்தது.

இப்போது முக்கியமான விஷயம். பிளாஸ்டிக் ட்ரம்முக்கும் ஜெரிகேனுக்கும் ஆயுள் செய்த தேதியிலிருந்து ஐந்து வருஷம், அவ்வளவுதான். உங்கள் ட்ரம் 2023 செப்டம்பரோடு முடிந்தது. தொட்டுப் பார்த்தால் கல்லு மாதிரி இருக்கும், ஆனாலும் அபாயச் சரக்குக்கு ஆகாது.

பவானிக்கரை
இதெல்லாம் ட்ரம் விற்கிறவனுக்கு வியாபாரம் நடக்க வேண்டும் என்று போட்ட சட்டம். ஒரு ட்ரம் பத்து வருஷம் நிற்கும், நானே பார்த்திருக்கிறேன்.

மேட்டூர்_கெமிஸ்ட்
நிற்கும் அண்ணா, தண்ணீர் ஊற்றிக் குளியலறையில் வைத்தால். வெயிலும் ஆசிடும் பட்ட பிளாஸ்டிக் வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே மொறுமொறுப்பாகிவிடும். அந்த மார்க் எப்படிக் கிடைக்கிறது என்று பாருங்கள். ட்ரம்மை நிரப்பி மைனஸ் 18 டிகிரிக்குக் குளிர வைத்து மேலேயிருந்து போடுவார்கள். குரூப் 1 என்றால் 1.8 மீட்டர், 2 என்றால் 1.2 மீட்டர், 3 என்றால் 0.8 மீட்டர். தண்ணீர் ஊற்றிச் சோதித்துவிட்டு 1.2-க்கு மேல் அடர்த்தி கேட்டால் உயரம் இன்னும் ஏறும். அப்புறம் மூன்று மீட்டர் உயரத்துக்கு அதே ட்ரம்களை அடுக்கினால் எவ்வளவு பாரம் வருமோ அதை ஏற்றி, திரவத்துக்கான பிளாஸ்டிக் ட்ரம் என்றால் 40 டிகிரி சூட்டில் 28 நாள் நிறுத்துவார்கள். கப்பலில் கன்டெய்னருக்குள் நடப்பது இதுதானே? கீழே இருக்கிற கேன்தான் மேலே இருக்கிறதையெல்லாம் சுமக்கிறது.

தாராபுரம்_டு_தூத்துக்குடி
நான் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், பவானிக்கரை அண்ணன் சொன்னதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். பதினோரு வருஷமாகத் தூத்துக்குடியில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. எங்களுக்குப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று வெளியே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் பேப்பரையும் தவிர வேறு எதுவும் சொல்லாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் டெக்ஸ்டைல் ஆக்சிலரி என்று எழுதி ஒரு பெட்டி வந்தது, யாருடையது என்று சொல்ல மாட்டேன். மதியம் இரண்டு மணி வெயிலில் கதவு இடுக்கிலிருந்து வெள்ளையாகப் புகை. கந்தகம் எரிகிற நாற்றம், கண்ணைத் திறக்க முடியவில்லை. கூட வேலை செய்த பையன், இருபத்திரண்டு வயது, பொதுச் சரக்குதானே என்று வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினான். உள்ளே இருந்தது ஹைட்ரோஸ். ட்ரம்மின் மூடி வளையம் சரியாகப் பூட்டாமல் ஈரக்காற்று புகுந்திருக்கிறது. கொஞ்சம் தண்ணீர் பட்டால் அது இன்னும் சூடேறும் என்று அவனுக்கு யார் சொல்வது? பெட்டிக்கு வெளியே 4.2 என்று ஒரு ஸ்டிக்கர் இருந்திருந்தால் அவன் கிட்டவே போயிருக்க மாட்டான். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவித்தான். இப்போது நன்றாக இருக்கிறான், ஆனால் யார்டு வேலைக்குத் திரும்பவில்லை.

அண்ணா, நீங்கள் தப்பாக எழுத வேண்டும் என்று நினைத்து எழுதவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் எழுதுகிற ஒரு வரியை நம்பித்தான் நாங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சோறு தின்கிறோம்.

இருகூர்க்காரர்
இதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது. 2021-இல் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். 1,486 கன்டெய்னர். அதில் நைட்ரிக் ஆசிட் இருந்த ஒரு பெட்டி ஒழுகுவதை மே மாதம் முதல் பாதியிலேயே பார்த்துவிட்டார்கள். கத்தாரில் இறக்கக் கேட்டார்கள், நம் ஹசீராவிலும் கேட்டார்கள், இரண்டு இடத்திலும் இறக்க முடியவில்லை. மே 20-இல் தீ, ஜூன் 2-இல் மூழ்கத் தொடங்கியது. இலங்கைக் கரை முழுக்கப் பிளாஸ்டிக் குருணை, செத்த ஆமைகள். 2025 மே மாதம் நம் கொச்சிக்கு வெளியே எம்எஸ்சி எல்சா 3 மூழ்கியபோது 640 பெட்டியில் 13 அபாயச் சரக்கு, அதில் 12 கால்சியம் கார்பைடு. தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் வாயு விடும் சரக்கு. எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று எழுதியிருந்ததால்தான் கரையில் ஒதுங்கிய பெட்டியைத் தொடாதீர்கள் என்று மீனவர்களுக்குச் சொல்ல முடிந்தது. நம் கோவை, திருப்பூர்ச் சரக்கு தூத்துக்குடி, கொச்சி வழியாகத்தான் பெரும்பாலும் போகிறது.

பவானிக்கரை
தாராபுரத்துத் தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். முதலில் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். அந்தப் பையனிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நொய்யல்வாசி
அண்ணா, அக்கா, எல்லோருக்கும் நன்றிங்க. பொய்யாக எழுதி அனுப்பும் எண்ணம் எனக்கு இல்லை. மில்காரரிடம் பேசிவிட்டேன். முதலில் பெராக்சைடு மட்டும் ஒரு கன்டெய்னர், அடுத்த மாதம் அசிட்டிக் தனியாக, ஹைட்ரோஸ் அளவைக் கூட்டி அப்புறம் தனியாக. விலை ஏறும் என்றேன், சரி என்றுவிட்டார். இப்போது சந்தேகங்கள்: யூஎன் கேன் சர்டிபிகேட்டை நானே எடுக்க வேண்டுமா? லேபிள் இங்கே திருப்பூரில் ஸ்டிக்கர் அடிக்கிறவர்களிடமே அடிக்கலாமா? ஹைட்ரோஸ் இரும்பு ட்ரம்மில் "1ஏ2/ஒய்50/எஸ்" என்று இருக்கிறது, நான் போடுவது 50 கிலோ, அது சரிதானே?

இருகூர்க்காரர்
கடைசிக் கேள்வி முதலில், அதில்தான் பெட்டி திரும்பி வரும். எஸ் என்றால் திடப்பொருளுக்கு, சரி. ஆனால் 50 என்பது ட்ரம்மோடு சேர்ந்த மொத்த எடை. 50 கிலோ சரக்கு, ட்ரம், உள்பை எல்லாம் சேர்த்தால் தாண்டிவிடும். ஒய்65 மாதிரி உள்ள ட்ரம் கேளுங்கள். உள்ளே பாலித்தீன் பை, மூடி வளையம் போல்ட்டோடு, வாஷர் புதிது. ஈரம் ஒரு பொட்டுகூட உள்ளே போகக் கூடாது.

சர்டிபிகேட் உங்கள் பேரில் வேண்டாம், ட்ரம் செய்கிறவர்தான் எடுத்திருப்பார். இந்தியாவில் இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் பேக்கேஜிங் சோதித்துக் கொடுக்கிறது, சென்னையிலும் கிளை இருக்கிறது. நகல் வாங்கும்போது செல்லுபடித் தேதியையும், அதில் உள்ள மார்க் எழுத்தும் ட்ரம்மில் அச்சான எழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். என் பார்ட்டி ஒருவருக்கு ஒரே ஒரு எழுத்து வேறாக இருந்து கட் ஆஃப், அதாவது கப்பலுக்குச் சரக்கு ஒப்படைக்கும் கடைசி நேரம், தவறிப் போனது.

லேபிள் ஸ்டிக்கர் அடிக்கலாம், ஆனால் சாதா பேப்பர் ஆகாது. கடல் தண்ணீரில் மூன்று மாதம் கிடந்தாலும் படிக்க முடிய வேண்டும் என்பது விதி. பிஎஸ் 5609 என்ற பிரிட்டிஷ் தரச் சோதனையில் தேறிய வினைல் என்று கேட்டு வாங்குங்கள். கேனில் வைர வடிவ லேபிள் ஒவ்வொரு பக்கமும் 100 மில்லிமீட்டர், 5.1 ஒன்று, 8 ஒன்று. பக்கத்தில் யூஎன் 2014 என்று எண்ணும் முறையான பேரும். 30 லிட்டருக்கு மேல் கொள்ளும் கேன் என்பதால் எண் 12 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். கன்டெய்னருக்கு வெளியே நான்கு பக்கமும் 250 மில்லிமீட்டர் பிளக்கார்டு, அதாவது அதே லேபிளின் பெரிய வடிவம். ஒரே சரக்கு 4,000 கிலோவுக்கு மேல் போவதால் வெளியேயும் யூஎன் எண் போட வேண்டும். பேப்பர் என்று பார்த்தால் டீஜி டிக்ளரேஷன், அதில் கையெழுத்து உங்களுடையது, என்னுடையது இல்லை. உள்ளே சரியாக அடுக்கியதற்குக் கன்டெய்னர் பேக்கிங் சர்டிபிகேட். எம்எஸ்டிஎஸ், அதில் 14-ஆம் பகுதியில் இருக்கும் யூஎன் எண்ணும் டிக்ளரேஷனும் ஒத்துப்போக வேண்டும். அப்புறம் விஜிஎம், அதாவது சரக்கோடு சேர்த்துக் கன்டெய்னரின் சரிபார்த்த மொத்த எடை.

மேட்டூர்_கெமிஸ்ட்
ஒன்று விட்டுப்போனது. கேனை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். 55 டிகிரி சூட்டிலும் திரவம் விரிந்து வாயை முட்டாத அளவுக்கு இடம் விட வேண்டும். அப்புறம் மூடி. கேன் சோதனையில் தேறியது குறிப்பிட்ட முறுக்கில் மூடியபோதுதான். எவ்வளவு முறுக்க வேண்டும் என்று கேன் செய்தவர் ஒரு தாள் கொடுப்பார், கேட்டு வாங்குங்கள். பையன்கள் கையால் முறுக்கினால் ஒருவன் முறுக்குவது மாதிரி இன்னொருவன் முறுக்க மாட்டான்.

தாராபுரம்_டு_தூத்துக்குடி
உள்ளே அடுக்கும்போது கதவுப் பக்கம் தடுப்புக் கொடுத்து, நடுவில் காற்றுப் பை வைத்து ஆடாமல் கட்டுங்கள் அண்ணா. பெட்டி திறக்கும்போது கேன் மேலே சரிந்து விழுவதுதான் எங்களுக்கு நிறைய நடக்கிற விபத்து. பெராக்சைடு அல்லாத பெட்டிக்கு மரக்கட்டை வைத்தால், அதில் பூச்சி ஒழிப்பு முத்திரை இருக்கட்டும்.

நொய்யல்வாசி
இன்று மதியம் புதுக் கேன் வந்தது. 3எச்1, ஒய்1.4, போன மாதம் செய்தது, வென்ட் மூடியோடு. மூடி முறுக்கு அளவு எழுதிய தாளும் வாங்கிவிட்டேன். குடோனில் ஹைட்ரோஸை மேற்குப் பக்க ஷெட்டுக்கு மாற்றியாயிற்று, அசிட்டிக்குக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு உதவி, அந்த அளவுக்குச் சரியாக முறுக்க டார்க் ரெஞ்ச் வேண்டும், இருபது நாளைக்கு யாரிடமாவது கிடைக்குமா? வாடகை கொடுத்துவிடுகிறேன்.

இருகூர்க்காரர்
எங்களிடம் இரண்டு இருக்கிறதுங்க தம்பி, வாடகையெல்லாம் வேண்டாம். வியாழக்கிழமை காலை வந்து எடுத்துக்கொள்ளுங்கள். கேன் ஒன்றைக் கையோடு கொண்டு வாருங்கள், முறுக்கிக் காட்டுகிறேன்.

பவானிக்கரை
இருகூர்த் தம்பி, வியாழக்கிழமை நானும் வரலாமா? என் குடோனில் 2017 ட்ரம் நாற்பது இருக்கிறது.

இருகூர்க்காரர்
வாங்க அண்ணா, பத்து மணிக்கு மேல் வாங்க. ட்ரம் அடியில் இருக்கும் மார்க்கைப் போட்டோ எடுத்து வாங்க.